தோற்றால் ஒரு படி

செவல்குடி கிரிக்கெட் மைதானத்துக் காலரியில் முதல் தடவையாக ஒரு படி தானாக முளைத்தபோது ஊரில் ஒருத்தரும் அலறவில்லை, ஒருத்தரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, "யாருவே இது, கூடுதலா ஒண்ணு கட்டிப் போட்டது?" என்று ஒருவர் கேட்டார், "கட்டுனவன் ஓரத்தைப் பூசாம விட்டுட்டானே" என்று இன்னொருவர் குறைப்பட்டார், மூன்றாமவர் துண்டால் தூசியைத் தட்டிவிட்டு அதில் போய் உட்கார்ந்தே விட்டார். காலரி என்று ஒன்று இருந்தால் அதில் உட்கார்வதுதானே மரியாதை.

அந்தக் காலரிக்கு மொத்தம் மூன்றே படிகள்தான் இருந்தன. மாவட்ட இரண்டாம் டிவிஷன் லீக்கில் ஆடும் அணிகளுக்கெல்லாம் சொந்தமாக ஒரு மைதானம் வேண்டும் என்று லீக் நடத்துகிறவர்கள் சொன்னதால், பஸ் டிப்போவுக்குப் பின்னால் கிடந்த செம்மண் பொட்டலைச் சமப்படுத்தி, நாலு பக்கமும் காம்பவுண்டு சுவர் வைத்து, கிழக்கே ஒரு கேட் வைத்து, மிஞ்சின சிமெண்டில் மூன்று படி கட்டி, அதற்கு 'ஸ்டேடியம்' என்று பெயரும் எழுதிவிட்டார்கள். திறப்பு விழாவில் பேரூராட்சித் தலைவர் பால்வண்ணன் பேசினார். மனிதர் மைக்கைப் பிடித்தால் எழுவாயை விட்டுவிடுவார், பயனிலையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவார். அன்றைக்கும் அப்படித்தான், பையன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் கையை மட்டும் காலரிப் பக்கம் நீட்டி, "தோத்தா கவலைப்படாதீங்க! தோத்தா ஒரு படி உயரும்! ஜெயிச்சா..." என்றார். எது உயரும் என்று சொல்லவில்லை. ஜெயித்தால் என்ன என்பதை மைக் 'கீ...' என்று கத்தி விழுங்கிவிட்டது, மீதியைக் கைதட்டல் தின்றுவிட்டது. அடுத்த மாதமே அவர் பதவி போய் மகளோடு இருக்க மும்பைக்கு ரயில் ஏறினார், வாக்கியத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

மைக்குக்குப் பக்கத்தில் அன்று உட்கார்ந்திருந்தவள் செண்பகவடிவு. தபால் ஆபீஸில் கவுண்டர் வேலை. எழுத்து மணிமணியாக இருக்கும், குரல் கணீரென்று இருக்கும் என்பதால் அணிக்கு ஸ்கோர் எழுதவும் மைக்கில் அறிவிக்கவும் அவளைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. கைத்தடியை ஊன்றி, ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கி, மூன்று படி ஏறுவாள். நாலாவது படி அவளுக்கு வேற்று நாடு. அதனால் காலரிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு குடை, ஒரு மைக், அதுதான் அவள் ராஜ்ஜியம்.

முதல் மேட்சில் செவல்குடி நாற்பத்தோரு ரன்னில் சுருண்டது. அப்போது முப்பது வயதுகூட ஆகாத வடிவு, பெருமையாகச் சொல்லலாம் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்து வைத்திருந்த 'வெற்றி' என்ற சொல்லைத் தொண்டைக்குள் தள்ளிவிட்டு, மைக்கில் சொன்னாள்: "ஆட்டம் முடிந்தது. செவல்குடி அணி தோல்வி. அனைவரும் அமைதியாகக் கலைந்து செல்லவும்." சொல்லி வாய் மூடவில்லை, மூன்றாம் படிக்கு மேலே நாலாவது படி, எண்ணெயில் போட்ட அப்பளம் எழும்புகிற மாதிரி, எழும்பி நின்றது.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு எட்டு மேட்ச், எட்டுத் தோல்வி, எட்டுப் படி. மழை பொய்த்த வருஷமும் உண்டு, மில் மூடின வருஷமும் உண்டு, தோல்வி பொய்த்த வருஷம் கிடையாது. காலரி எப்படி வளர்கிறது என்று கேட்டவர்களைவிட, அதில் என்ன செய்யலாம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். பத்தாம் படியில் வத்தல் காயப் போட்டார்கள். இருபதாம் படியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். 'படியில் உட்கார்ந்து படி' என்று தலைமை ஆசிரியர் எழுதிப் போட்ட பலகை இன்னும் இருக்கிறது. முப்பதாவது படியில் பெண் பார்க்கும் வைபவம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்ததால் பெண்ணிடம் பாட்டெல்லாம் பாடச் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டுக் குடித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்கள். அளந்து பார்க்க வந்த இன்ஜினியர் ஒருவர் டேப்பைப் பிடித்து உச்சிப் படியில் நிற்கும்போதே கீழே கடைசி விக்கெட் விழுந்து, வடிவு தோல்வியை அறிவித்து, அவர் நின்ற இடத்தில் நின்றபடியே ஒரு படி உயர்ந்தார். இறங்கி வந்தவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "இங்க சுக்குக் காப்பி எங்க கிடைக்கும்?" என்றுதான் கேட்டார்.

நாற்பதாவது படியில் காற்றாடி ஆலைகள் தெரிந்தன. ஐம்பதில் உப்பளம் வெள்ளையாகத் தெரிந்தது. அப்போதுதான் ஊருக்கு ஆசை வந்தது. உப்பளம் தெரிந்தால் அதற்கு அடுத்து என்ன? கடல்தானே! தூத்துக்குடிக்கு அரைமணிக்கு ஒரு பஸ் போகிறது, கடலைப் பார்க்காதவர் ஊரில் யாருமில்லை. ஆனால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற கடல் ஊரான் வீட்டுக் கடல். நம் ஊரில் உட்கார்ந்து, நம் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அது நம் கடல் என்று செவல்குடிக்காரர்கள் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் உண்டானது. தோல்வியை அறிவித்து, புதுப் படி எழும்பி, சனம் கூச்சலோடு உச்சிக்கு ஏறி முடித்ததும், வடிவு கீழிருந்து மைக்கில் கேட்பாள்: "தெரியுதா?" மேலே இருந்து ஊரே கத்தும்: "தெரியல!" மறுபடி ஒரு மேட்ச், மறுபடி ஒரு தோல்வி. "தெரியுதா?" "தெரியல!" அறுபத்தோராவது படி முளைத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வழக்கம்போலக் கேட்டாள். மேலே சத்தமே இல்லை. பிறகு டீக்கடை தங்கப்பழத்தின் உடைந்த குரல் மட்டும் இறங்கி வந்தது: "தெரியுதும்மா... ஏ வடிவு, தெரியுது!"

தோற்றுத் தோற்றுக் கடலைப் பிடித்த ஊர் இது. தங்கப்பழம் மறுநாளே பாய்லரையும் பெஞ்சையும் சுமந்துகொண்டு போய் அறுபத்தோராம் படியில் கடையைப் போட்டார். சாயங்காலம் ஆனால் ஊரே மேலேதான். இறங்கி வருகிறவர்களெல்லாம் வடிவிடம் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீலம் என்றார் ஒருவர், இல்லை ஈயச்சட்டி நிறம் என்றார் ஒருவர், வெயில் சாயும்போது நெத்திலிக் கருவாடு காயப் போட்ட மாதிரி மின்னுகிறது என்றாள் பூக்காரி. எல்லாவற்றுக்கும் வடிவு தலையாட்டுவாள். "உங்களை நாற்காலியோட தூக்கிட்டுப் போயிருதோம்க்கா, நாலு பேர் போதும்" என்று அணி கேப்டன் கோமதிராஜ் எத்தனையோ முறை கேட்டுவிட்டான். டிப்போவில் மெக்கானிக், ஒற்றை ஆளாக பஸ் டயரை உருட்டுகிறவன்.

"தூக்கிட்டுப் போயி ஊர்வலம் காட்ட நான் என்ன சப்பரமா? போலே, போயி ஒழுங்கா பேட்டைப் பிடி" என்பாள் வடிவு.

உண்மையில் அவளுக்கு அழுகை வரும். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று அவளுக்கு இருந்தது. அந்த ஒரு சொல். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த சொல். பதினெட்டு வருஷமாகத் தோல்வி தோல்வி என்று சொல்லிச் சொல்லி, கனவில்கூட வாய் திறந்தால் அதுதான் வருகிறது. ரிட்டையர் ஆவதற்குள், பல் விழுவதற்குள், குரல் போவதற்குள், இந்த மைக்கில் ஒரே ஒரு தடவை 'செவல்குடி அணி வெற்றி' என்று சொல்லிவிட வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் அடிக்க வரும்.

ஏனென்றால் ஊருக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. தோற்றால் ஒரு படி ஏறுகிறது, சரி. ஜெயித்தால்? ஏறினது எல்லாம் இறங்கிவிடும் என்றார் வக்கீல் சுடலைமுத்து, ஏதோ சட்டப் புத்தகத்தில் பார்த்த மாதிரி. அதனால் ஜெயிக்கவே கூடாது என்று ஊர் ஒருமனதாக முடிவெடுத்தது. அப்படி முடிவெடுத்த வருஷம் பையன்கள் வேண்டுமென்றே பந்தை விட்டார்கள், வேண்டுமென்றே ஸ்டம்பை மிதித்தார்கள். படி என்னவோ வந்தது, ஆனால் வேகாத இட்லி மாதிரி வந்தது. ஏறி உட்கார்ந்த பதினேழு பேர் இடுப்பு வரை புதைந்தார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள். காலரிக்குக் கள்ளத் தோல்வி செரிக்காது என்று அன்று தெரிந்தது. உயிரைக் கொடுத்து ஆடித் தோற்றால்தான் படி கெட்டியாக வரும்.

இதில்தான் ஊர் மாட்டிக்கொண்டது. கெட்டியாகத் தோற்பதற்காகப் பையன்கள் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தார்கள். நேர்மையாகத் தோற்பதற்காக வலை கட்டிப் பயிற்சி எடுத்தார்கள். மனசாரத் தோற்பதற்காக கோமதிராஜ் டிப்போவில் டயரைக் கட்டித் தொங்கவிட்டு மட்டையால் அடித்துப் பழகினான். நூறு ரன் வித்தியாசத்தில் தோற்றவர்கள் ஐம்பதில் தோற்றார்கள், பிறகு பத்தில், பிறகு ஒரு ரன்னில். படிகள் கருங்கல் மாதிரி வந்தன. ஊர் சந்தோஷப்பட்டது. என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று வடிவின் ஸ்கோர் நோட்டுக்கு மட்டும் தெரியும். பார்த்துப் பார்த்து அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

காலரி நூற்று நாற்பத்தாறு படி ஆகியிருந்தது. கோட்டைவிளை அணியோடு அந்த வருஷத்தின் கடைசி மேட்ச். இன்னும் ஒரு படி வந்தால் துறைமுகத்துக் கப்பலின் பெயரையே படிக்கலாம் என்று பைனாகுலரெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு சனம் மேலே காத்திருந்தது. கடைசி ஓவர், கடைசி விக்கெட், கடைசிப் பந்து, இரண்டு ரன் வேண்டும். கோமதிராஜ் மட்டையைப் பிடித்து நின்றான். பந்து வந்தது. அவன் உயிரைக் கொடுத்து மட்டையை வீசினான், கெட்டியாகத் தோற்க வேண்டுமே! மட்டையின் நடுவில் பட்ட அந்தச் சத்தத்தைச் செவல்குடி அதுவரை கேட்டதே இல்லை. பந்து காம்பவுண்டு சுவரைத் தாண்டி டிப்போவில் நின்ற பஸ்ஸின் கூரையில் போய் 'டொங்' என்று விழுந்தது.

ஆறு. ஒரு ஊர் முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டு ஜெயித்தது அன்றைக்குத்தான்.

முதலில் ஓடி வந்தது வக்கீல். "ஏம்மா வடிவு, மைக்கை ஆன் பண்ணாத! நீ சொன்னாத்தான் காலரிக்குக் கேக்கும். சொல்லாம விட்டா ஜெயிச்சதே அதுக்குத் தெரியாது" என்றார்.

"அறிவிக்காம எப்படி வக்கீல் சார் விடுறது? அம்பயர் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்காரு பாருங்க."

வக்கீல் ஒரு நிமிஷம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அப்போ இப்படிச் சொல்லு. 'கோட்டைவிளை அணி தோல்வி'ன்னு சொல்லு. பொய்யில்லைலா? சத்தியமான தோல்வி, கெட்டியான தோல்வி. தோல்விங்குத வார்த்தை காதுல விழுந்தாப் போதும், இன்னொரு படி வந்துரும்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. வக்கீல் என்றால் வக்கீல்தான். "அதையே சொல்லுங்கக்கா!" "கடலைக் காப்பாத்துங்கக்கா!" என்று மேலே இருந்தும் கீழே இருந்தும் குரல்கள். தங்கப்பழம் பாய்லரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அறுபத்தோராம் படியிலிருந்து கும்பிட்டார்.

வடிவு மைக்கைப் பார்த்தாள். நாக்கு நுனியில் 'தோல்வி' தயாராக உட்கார்ந்திருந்தது, நூற்று நாற்பத்து மூன்று தடவை போய்வந்த வழி அதற்குத் தெரியும். சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. இத்தனை பேரின் கடலைத் தன் ஒரு ஆசைக்காகப் பிடுங்குவதா? இவர்கள் கண்ணால்தானே அவளும் இத்தனை நாள் பார்த்தாள்.

கோமதிராஜ் மட்டையோடு மேசை முன்னால் வந்து நின்றான். அழுதிருந்தான்.

"அக்கா, நான் வேணும்னு அடிக்கல. சத்தியமா தோக்கத்தான் ஆடுனேன்."

"தெரியும்லே."

"ஆனா பட்டதும்..." என்று மட்டையைத் தடவினான். "பட்டதும் நல்லா இருந்துச்சுக்கா. கை இன்னும் கூசுது. இப்படி இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லல."

வடிவு அவன் கையைப் பார்த்தாள். டிப்போ கிரீஸ் ஏறின கை. அவள் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். மைக்கை ஆன் செய்தாள்.

"எல்லாரும் கீழே இறங்கி வாங்க" என்றாள். "அத்தனை பேரும். பதினெட்டு வருஷமா நீங்க ஏறுததை நான் பாத்துட்டு இருந்தேன். ஒருநாளும் ஒண்ணும் கேட்டதில்ல. இன்னைக்கு ஒரு நாள் எனக்காக இறங்கி வாங்க."

கூட்டம் முணுமுணுத்தது. பிறகு இறங்கியது. வத்தல் வாரிக்கொண்டு இறங்கினார்கள், பாடப் புத்தகங்களோடு இறங்கினார்கள், பைனாகுலர்களோடு இறங்கினார்கள். கடைசி ஆளாகத் தங்கப்பழம், பாய்லரைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை கடலைத் திரும்பிப் பார்த்து, அதற்கும் இவருக்கும் ஜென்ம உறவு என்பது போல மூக்கை உறிஞ்சி, தரைக்கு வந்து சேரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. எல்லாரும் வடிவின் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்று, விழப்போகிற காலரியைப் பார்க்க மனசில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். வக்கீல் காதையும் பொத்திக்கொண்டார். வடிவு ஒருத்திதான் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஆட்டம் முடிந்தது" என்றாள். கைத்தடியை இன்னும் இறுகப் பிடித்தாள். "செவல்குடி அணி வெற்றி."

சொல்லிவிட்டாள்! உடம்பெல்லாம் சிலிர்த்து, சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை சொன்னாள், "வெற்றி!" உடனே மைக் 'கீ...' என்று கத்தியது. திறப்பு விழா அன்று கத்தின அதே கத்தல். கத்தி, இருமி, தொண்டையைச் செருமி, பதினெட்டு வருஷம் வயிற்றில் வைத்திருந்ததைக் கக்கியது. ஒலிபெருக்கியில் மும்பைக்குப் போன பால்வண்ணனின் குரல், அன்றைய ஜலதோஷத்தோடு, மைதானம் அதிரக் கேட்டது: "...ஊரே உயரும்!"

காலரி அசையவில்லை. முதலில் காலுக்கடியில் ஊஞ்சல் கிளம்புகிற மாதிரி ஒரு மெல்லிய உந்தல். மேசையில் இருந்த டீ கிளாஸில் டீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. காதுகள் அடைத்துத் திறந்தன. மைதானம், டிப்போ, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மூடின மில், இரண்டு தெரு நாய்கள், கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், எல்லாவற்றையும் மடியில் அள்ளிக்கொண்டு செவல்குடி மெதுவாக மேலே எழுந்தது. பைபாஸில் வந்த தூத்துக்குடி பஸ் திடீரென்று முன்னால் ஒரு ஏற்றத்தைக் கண்டு, பெருமூச்சோடு ஃபர்ஸ்ட் கியருக்கு மாறும் சத்தம் கீழேயிருந்து கேட்டது.

பிறகு எல்லாம் நின்றது. கிழக்குப் பக்கக் கேட் வழியாக ஒரு காற்று வந்து ஸ்கோர் நோட்டின் தாளைப் புரட்டியது. அதில் உப்பு வாசனை இருந்தது.

கண்ணைத் திறக்க மற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தங்கப்பழம்தான் பாய்லரைக் கட்டிப் பிடித்தபடியே, மூடின கண்ணோடு கேட்டார்.

"ஏம்மா வடிவு... தெரியுதா?"

வடிவு கிழக்கே பார்த்தாள். கேட்டைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, அவள் நின்ற இடத்திலிருந்தே, நேருக்கு நேராக அது கிடந்தது. நீலமும் இல்லை, ஈயச்சட்டி நிறமும் இல்லை. பூக்காரி சொன்னதுதான் கொஞ்சம் கிட்டே வந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"தெரியுது" என்றாள்.